நெத்தோலி காயும் கல்லறைகள்

இராயப்பன்துறையை எனக்குப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் தொடங்கினால், நடுவில் எங்காவது என் பேச்சு கசக்கும்போது இவனுக்கு என்ன வந்தது என்று உங்களுக்குத் தோன்றும். கடலைப் பார்த்து ஊரைவிடப் பெரிய கோயிலைக் கட்டிவைத்துக்கொண்டு, வாரம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்து, அதில் தன் பாவத்தைப் பாதியும் அடுத்த வீட்டுக்காரியின் பாவத்தை முழுசாகவும் சொல்லிவிட்டு வந்து, பக்கத்து ஊர்க்காரன் நரகத்துக்குத்தான் போவான் என்பதில் எள்ளளவும் சந்தேகமில்லாமல் மீன்குழம்பைப் பிசைந்து தின்று நிம்மதியாக உறங்குகிற ஊர் அது. அந்தப் பக்கத்து ஊர்க்காரன் நான்தான்.

அந்த ஊரின் ஊர்க்கமிட்டித் தலைவர் இசிதோர் முதலாளி ஐப்பசியில் காய்ச்சல் கண்டு செத்தார். விசைப்படகுகள் வைத்திருந்தவர், கோபுரத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தான் தப்பு செய்ததாக யாரிடமும் ஒப்புக்கொள்ளாதவர் என்பதால், பேண்டு வாத்தியமும் வெளியூர்ச் சாமியார்களும் கறுப்புக் கொடியுமாக முதல்தர அடக்கம் நடந்தது. கல்லறைத் தோட்டத்தின் நடுவில், பெரிய சிலுவையின் நிழல் விழுகிற இடத்தில் அவரைப் புதைத்து, பளபளவென்று கறுப்புக் கல் பதித்தார்கள். அடுத்து வந்த கல்லறைத் திருநாளில் அவர் மனைவி அந்தக் கல்மேல் மெழுகுவர்த்திகளைக் கொளுத்தி நிறுத்தியபோது, அவை திரியிலிருந்து உருகாமல் அடியிலிருந்து உருகின. நிறுத்த நிறுத்தச் சரிந்து விழுந்தன. அவள் கல்லைத் தொட்டுப் பார்த்து வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு, "இவருக்கு இன்னும் காய்ச்சல் விடல்லியே" என்றாள்.

ஊர் அதற்கு ஆச்சரியப்படவில்லை. இசிதோர் முதலாளி உயிரோடிருக்கும்போதே எல்லாரையும் சுட்டுக்கொண்டிருந்தவர்தான் என்று சிலர் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் பங்குச்சாமி ஹிலாரியுஸ் அங்கே வந்தார். கல்லறைத் திருநாளில் ஊரில் செத்தவர்களின் பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்து அவர்கள் ஆத்துமம் இளைப்பாற மந்திரிப்பது அங்கே வழக்கம். அதற்காகத்தான் வந்தவர், கல்லைத் தொட்டார், ஒரு கணம் யோசித்தார், இசிதோரின் மகன் மெல்கியாஸின் முகத்தைப் பார்த்தார், அந்த முகத்தில் அடுத்த கமிட்டித் தலைவரைக் கண்டார், கண்டதும் இது தேவசிநேகத்தின் கனல் என்றும் புண்ணியாத்துமாக்களின் எலும்புக்குள் அணையாமல் எரிவது என்றும் அறிவித்துவிட்டார். ஊரே முழங்காலில் விழுந்தது.

அன்றைக்கு மதிலுக்கு வெளியே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பெயர் பவுலினாள். மீன்கூடை சுமந்து சந்தைக்குப் போகிறவள். கல்லறைத் தோட்டத்துக்கு ஆளுயர மதில் உண்டு. மதிலுக்கு வெளியே, ஊமத்தையும் எருக்கும் முளைத்துக் கிடக்கிற மணலில், ஞானஸ்நானம் வாங்காமல் செத்த குழந்தைகளையும், கோயிலை எதிர்த்துக்கொண்டு செத்தவர்களையும், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களையும் புதைப்பார்கள். ரோமாபுரியில் அந்தச் சட்டம் மாறி எவ்வளவோ காலமாயிற்று. இராயப்பன்துறை ஊர்க்கமிட்டியில் மாறவில்லை. பவுலினாளின் ஒரே மகள் ஜெனோவா நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது தன் கையாலேயே செத்துப்போனாள். இவள் ஆத்துமம் நேரே நரகத்துக்குப் போய்விட்டது, ஆகவே உடம்பு மதிலுக்கு வெளியே போகட்டும் என்று தீர்ப்பு சொன்னவர் இசிதோர் முதலாளிதான். அதிலிருந்து பவுலினாளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கல்லறைத் திருநாளில் பெயர்கள் வாசிக்கும்போது ஜெனோவாவின் பெயரையும் வாசிக்க வேண்டும். வருஷா வருஷம் கேட்டாள். வருஷா வருஷம் ஹிலாரியுஸ் சாமியார் கமிட்டியைக் கைகாட்டினார், கமிட்டி சாமியாரைக் கைகாட்டியது.

கிறிஸ்துமஸுக்குள் சூடு பரவியது. பழைய கமிட்டித் தலைவர்களின் கல்லறைகள் சுட்டன. மரியாயின் சேனை என்ற பக்திச் சபையை ஊரில் தொடங்கிவைத்த அம்மாளின் கல்லறை சுட்டது. ஊரில் யார் யார் திவ்விய நற்கருணை வாங்கத் தகுதியில்லாதவர்கள் என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரின் கல்லறைக்கு அருகே வெறுங்காலோடு நிற்கவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்கள் கல்லறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, கொப்புளித்தால் பெருமையாக மற்றவர்களுக்குக் காட்டினார்கள். பெண் பார்க்கப் போனால், பையனுக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்பு அவங்க தாத்தா கல்லறை சுடுமா என்று கேட்டார்கள். பாட்டும் கள்ளுமாகத் திரிந்து செத்த கிழவன் ஒருவனின் கல்லறை சில்லென்று இருந்ததால், அவன் பேத்திக்குப் பேசிவைத்திருந்த கல்யாணம் முறிந்தது.

குளிர்ந்த கல்லறைக்காரர்கள் பாடு திண்டாட்டம். அவர்களில் முக்கியமானவர் தொபியாஸ் உபதேசியார். சின்னப் பிள்ளைகளுக்கு நரகத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். அங்கே நெருப்பு எந்த நிறத்தில் இருக்கும், புழு எத்தனை நீளம் இருக்கும் என்று கூடவே இருந்து பார்த்தவர் போலச் சொல்லுவார். அப்படிப்பட்டவருடைய தாயாரின் கல்லறை பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது. அந்த அம்மாள் வாயில்லாப் பூச்சி, யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. உபதேசியார் தினமும் பூசைக்கு முன்னால் சிரட்டைக் கனலைச் சட்டியில் மூடி எடுத்துப்போய்க் கல்லறை மணலுக்கடியில் புதைத்துவிட்டு வந்தார். பிறகு எல்லாரும் பார்க்கக் கையை வைத்து, "அம்மே" என்று கண்ணீர் விட்டார்.

ஆனியில் சாரல் பிடித்து, வெயிலே இல்லாமல் நெத்தோலி மீன் குவியல் குவியலாக நாறத் தொடங்கியபோது, எந்தப் பெண்ணுக்கு அந்த யோசனை முதலில் வந்தது என்று தெரியாது, கல்லறைகள்மேல் மீனைப் பரப்பினார்கள். ஒரு மழை விடுவதற்குள் சுக்காகக் காய்ந்தது. அதற்குப் பிறகு யார் கல்லறையில் யார் மீன் காயப்போடுவது என்று சண்டை வந்து, அன்பியம் அன்பியமாக, அதாவது கோயில் பிரித்துவைத்த வீட்டுக்கூட்டம் கூட்டமாக, முறை வைத்துக்கொடுத்தார்கள். கல்லறை நெத்தோலி என்று வியாபாரிகள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். நானும் தின்றிருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

இந்தக் கூத்தில் யாரும் பவுலினாளைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சூடு என்றால் தேவகிருபை என்று சாமியாரே சொல்லிவிட்ட பிறகு, மதிலுக்கு வெளியே தன் மகள்மேல் கிடந்த மணல் குளிர்ந்திருப்பதற்கு அவளுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. சந்தை முடிந்து வருகிற வழியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். குளிரும். நடு மத்தியானத்தில்கூட அந்த மணலில் பனித்துளி நிற்கும். ஒருநாள் மீன் வாங்குவதற்காக அந்த வழியே வந்த நான், அவள் குப்புறப் படுத்து நெஞ்சையும் வயிற்றையும் மணலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, "இத்திரி சூடாவு மக்களே, இத்திரி சூடாவு" என்று மண்ணுக்குள் கிடந்த மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். பெற்ற பிள்ளை நெருப்பில் வேக வேண்டும் என்று ஒரு தாயை வேண்டிக்கொள்ள வைத்த ஊர் அது. இதற்காக அவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை.

இசிதோர் முதலாளி வாயைத் திறந்தது அந்த ஆனி மாதத்திலேயே, பட்டப்பகலில், பெண்கள் அவர்மேல் கிடந்த மீனைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்.

"எவளாக்கும் எனக்க மேல மீனக் காயப்போட்டது?" என்று கல்லுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்த குரல்தான். தொடர்ந்து, எரிகிறது என்றும், தண்ணீர் வேண்டும் என்றும், ஒரு சொட்டாவது வேண்டும் என்றும் அது கத்தியது. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்டு, மழை திரும்ப வருவதற்குள் காய வேண்டுமே என்று மிச்ச மீனையும் புரட்டிப் போட்டார்கள். மெல்கியாஸ் ஓடிவந்து கல்லில் காதை வைத்து, அப்பா, மோட்சம் எப்படி இருக்கிறது என்று பணிவாகக் கேட்டான். உள்ளேயிருந்து வந்த பதிலை இங்கே எழுத முடியாது. சற்று நேரத்தில் பழைய தலைவர்களும் பேசத் தொடங்கினார்கள். அந்த வேக்காட்டிலும் கடைசியாக நடந்த கமிட்டித் தேர்தலில் கள்ள ஓட்டு போட்டது யார் என்பதுதான் அவர்களுக்குள் தகராறு.

சூடு என்றால் நரகம் என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்குப் புரிந்துவிட்டது. ஹிலாரியுஸ் சாமியார் தான் அப்போதே மறைபொருளாக அதைத்தான் சொன்னதாகச் சொன்னார். கள்ளுக்கிழவனின் பேத்தியைத் தேடி நாலு திசையிலிருந்தும் மாப்பிள்ளைகள் வந்தார்கள், அந்தப் பெண் எல்லாரையும் வாசலோடு அனுப்பினாள். தொபியாஸ் உபதேசியார் பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்று, தன் தாயாரின் கல்லறை சுடவே இல்லை, சிரட்டைக் கனலை வைத்தது தானே என்று வேதப்புத்தகத்தின்மேல் கையடித்துச் சத்தியம் செய்தார். ஒருவரும் நம்பவில்லை. தாயைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் பாவம் என்றார்கள்.

நியாயமாகப் பார்த்தால், இந்த நல்ல மனிதர்களெல்லாம் எதற்காக அங்கே கிடந்து வேகிறார்கள் என்று ஒருவராவது யோசித்திருக்க வேண்டும். அவர்கள் யோசித்தது எப்படி ஆற்றுவது என்று. மோட்டார் வைத்துத் தண்ணீர் அடித்தார்கள். நீராவி மண்டலமாகக் கிளம்பி, மீன் நனைந்துவிட்டது என்று பெண்கள் சண்டைக்கு வந்ததால் நிறுத்தினார்கள். நிறைய பூசை வைத்தார்கள். முதலாளி பூசை நேரத்தில்தான் அதிகமாகக் கத்தினார். அப்போதுதான், மதில் ஓரமாக ஒதுங்கப்போன கமிட்டிக்காரன் ஒருவன், வெளியே உள்ள மணல் உள்ளங்காலில் ஜில்லென்று படுவதைக் கண்டுபிடித்து ஓடிவந்தான். எல்லாரும் போனார்கள். ஞானஸ்நானம் வாங்காத குழந்தைகளின் மேடுகள் குளிர்ந்திருந்தன. வேற்று மதத்துப் பெண்ணோடு வாழ்ந்து செத்த படகோட்டியின் மேடு குளிர்ந்திருந்தது. எல்லாவற்றிலும் அதிகமாக, ஜெனோவாவின் மேடு கிணற்றடி போலக் குளிர்ந்திருந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டுமா இல்லையா? அவர்கள் குனிந்து மணலை அள்ளி முகர்ந்து பார்த்தார்கள், விரலால் நெருடிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்து மண் நல்ல மண் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மண்தான் காரணமாம். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் அவர்கள் ஆத்துமங்களுக்கு இடம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மதிலின் அந்தப் பக்கத்தை இடித்தார்கள். எருக்கையும் ஊமத்தையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, குளிர்ந்த மணல் முழுவதும் உள்ளே வருகிற மாதிரி புதிதாக மதில் எழுப்பினார்கள். ஜெனோவாவுக்குப் பக்கத்தில் யாரைக் கொண்டுவந்து புதைப்பது என்று போட்டி வந்து, கடைசியில் தலைமாட்டில் இசிதோர் முதலாளி, கால்மாட்டில் வாத்தியார் என்று தீர்மானமாயிற்று. ஆனால் தாய் மனசு குளிர்ந்தால்தான் அந்த மண் மற்றவர்களையும் குளிர்விக்கும் என்று ஒரு பேச்சு ஊருக்குள் கிளம்பிவிட்டது. ஆகவே மெல்கியாஸ், ஹிலாரியுஸ் சாமியாரையும் கூட்டிக்கொண்டு, அதுவரை ஒருநாளும் மிதிக்காத பவுலினாளின் வீட்டுப் படியை மிதித்தான். அக்கா அக்கா என்று வாய்நிறையக் கூப்பிட்டான். வருகிற கல்லறைத் திருநாளில் ஜெனோவாவின் மேட்டை மந்திரிப்பதாகவும், பெயர் வாசிப்பதில் அவள் பெயரே முதல் பெயர் என்றும், பதிலுக்கு அப்பாவை அங்கே கொண்டுவந்து வைக்க அக்கா சம்மதித்தால் போதும் என்றும் சொன்னான்.

பவுலினாளுக்குச் சந்தோஷம். அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் எதற்காக வந்தார்கள் என்று தெரிந்திருந்தும் சந்தோஷம்தான். மகளின் பெயர் மந்திரிப்பில் வரப்போகிறது என்று சந்தையில் மீன் வாங்க வந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னாள். முதலாளி வேகட்டும் என்று நினைக்கத் தனக்கு நேரமில்லை என்று என்னிடம் சொன்னாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குள் செருப்புப் போடுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, சுடுகிற கல்லறைகளுக்கு நடுவே தாவித்தாவி நடந்து, குளிர்ந்த மணலுக்கு வந்ததும் அப்பாடா என்று பாதத்தைப் பதித்து நின்றார்கள். சாமியார் மட்டும் கறுப்பு ஷூ போட்டிருந்தார். மெல்கியாஸ் மண்வெட்டிக்காரர்களைத் தயாராக நிறுத்தியிருந்தான். பவுலினாள் வெளுத்துக் கஞ்சி போட்ட புடவையில் மகளின் தலைமாட்டில் நின்றாள். மதில் ஏறி வேடிக்கை பார்த்த பக்கத்து ஊர்க்காரர்களில் நானும் ஒருவன்.

ஹிலாரியுஸ் சாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "காரணம் எதுவாக இருந்தாலும், வழிதவறிப்போன இந்த மகளை ஆண்டவர் மன்னித்து..." என்று தொடங்கினார்.

"காரணம் எதுவாக்கும் சாமி?" என்றாள் பவுலினாள்.

சாமியார் நிறுத்தினார். அவள் கோபமாகக் கேட்கவில்லை. சந்தையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். பரீட்சையில் தோற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டதாக உபதேசியார் சொன்னார். ஜெனோவா அந்த வருஷம் கல்லூரியிலேயே முதலாவது என்று பவுலினாள் சொன்னாள். காதல் விவகாரம் என்றாள் ஒருத்தி, பேய்க்கோளாறு என்றாள் இன்னொருத்தி. பழசை எதற்கு அக்கா கிண்ட வேண்டும், சாமி வாசிக்கட்டுமே என்றான் மெல்கியாஸ்.

"எங்க பொதைக்கணும்ணு பறஞ்சிய, அவ எங்க போயிருப்பாண்ணு பறஞ்சிய," என்றாள் பவுலினாள். "எதுக்காவச் செத்தாண்ணு இந்த ஊருல ஒருத்தரும் எனக்கிட்ட கேக்கல்ல. எனக்குத் தெரியும். கேளுங்க, சொல்லுதேன். கேட்டுட்டு வாசியுங்க."

அவ்வளவுதான் அவள் வைத்த நிபந்தனை. ஒரு கேள்வி. ஊர் முழுக்க அங்கே நின்றது, வாயாடிகளும் வம்பளப்பவர்களும் அடுத்தவன் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று மோப்பம் பிடிக்கிறவர்களும் நின்றார்கள், ஒருவர் வாயும் திறக்கவில்லை. பதிலில் தன் பெயர் வந்துவிடுமோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். பின்னால் ஒருநாள் சந்தையில் வைத்து நான் கேட்டேன், அவள் சொன்னாள்; அது அவளுடைய பேச்சு, இங்கே எழுதமாட்டேன்.

முதலில் மெல்கியாஸ்தான் வலது காலைத் தூக்கினான். முள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தான். பிறகு இடது காலைத் தூக்கினான். உபதேசியார் வெயில் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே பெருவிரல் நுனியில் நின்றார். வானம் மூடிக் கிடந்தது. மண்வெட்டிக்காரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அதன் இரும்பின்மேல் ஏறி நின்று, இரும்பும் சுட்டதால் குதித்தார்கள். ஜெனோவாவின் மேட்டில் எப்போதும்போலப் பனித்துளி நின்றது, அந்தக் குழந்தைகளின் மேடுகளிலும் நின்றது. ஆனால் ஊர்க்காரர்களின் ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே, அந்தப் பாதத்தின் அளவுக்கு மட்டும், மணல் கொதித்தது. இடம் மாறி நின்றால் மாறி நின்ற இடம் கொதித்தது. நல்ல மண் நல்ல மண் என்று சொன்னவர்கள் அந்த நல்ல மண்ணில் கொக்குமாதிரி ஒற்றைக்கால் மாற்றிமாற்றி ஆடிவிட்டு, பெண்களைத் தள்ளிக்கொண்டு, கிழவர்களை மிதித்துக்கொண்டு வாசல் குழாயைப் பார்த்து ஓடினார்கள். அங்கே யார் கால் முதலில் என்று சண்டை. கேட்டுவிட்டிருந்தால் போதும். இவ்வளவு ஓட்டமும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான்.

சாமியார் மட்டும் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சுடவில்லை.

"ஷூவக் கழத்துங்க சாமி," என்றாள் பவுலினாள். "கழத்திட்டு என்னிட்ட கேளுங்க."

ஹிலாரியுஸ் சாமியார் அவளைப் பார்த்தார், வாசலில் துள்ளுகிறவர்களைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்தார். நாடாவை அவிழ்க்கப்போகிறார் என்றுதான் பவுலினாள் நினைத்தாள், மதில்மேல் இருந்த நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அவர் நாடாவை இன்னும் ஒரு சுற்று சுற்றி இறுக்கி முடிந்துகொண்டு நிமிர்ந்தார். மேலத்தெருவில் ஒரு சாகக்கிடக்கிறவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போக வேண்டும் என்று, அவளிடம் இல்லை, காற்றிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

பவுலினாள் வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த மணலிலேயே நின்றாள். பிறகு சந்தையில் நாலு தெருவுக்குக் கேட்கக் கூவிப் பழகிய குரலை எடுத்து, "ஜெனோவா" என்று தானே வாசித்தாள். குழாயடியில் கால் நனைத்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெளிவாகக் கேட்டது.